ஓரத்துக்கு மட்டும் ரிவர்ஸ்

ஒட்டுத்துணிப் போர்வைக்குத் துண்டுகளை இணைக்கும்போது தையலின் முனையில் ரிவர்ஸ் போட வேண்டுமா, வேண்டாமா? எங்கள் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கேட்பார்கள். மீதிப்பேர் கேட்காமலேயே போட்டுவிடுவார்கள். ஜாக்கெட் தைத்துப் பழகிய கை அப்படித்தான். தொடங்கும்போது முன்னால் மூன்று குத்து, பின்னால் மூன்று குத்து. முடிக்கும்போதும் அதேதான். அப்போதுதான் முனை பிரியாது. யோசித்துச் செய்வதில்லை. மெஷினில் உட்கார்ந்ததும் வலது கை தானாக ரிவர்ஸ் லிவரைத் தேடிப் போகும்.

போர்வையில் அது கூடாது. இரண்டு துண்டுகளைச் சேர்த்த தையலுக்குக் குறுக்கே அடுத்த வரிசையின் தையல் வரும். அந்தக் குறுக்குத் தையலே முந்தைய தையலின் முனையைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் ரிவர்ஸும் போட்டால், நான்கு துண்டு சேருகிற மூலையில் நூல் திரண்டு கொப்புளம் மாதிரி நிற்கும். எத்தனை இஸ்திரி போட்டாலும் படியாது. பிரிக்கப் போனால் துணிதான் கிழியும். அதனால் வேண்டாம், ஒரே ஓர் இடத்தைத் தவிர. அந்த ஓர் இடத்தை வைத்துத்தான் நான் என் ஓரகத்தியின் பிழைப்பைக் கெடுத்தேன்.

பட்டறை திருப்பதியில், ரேணிகுண்டா போகிற சாலையில் இருக்கிறது. பதினான்கு பெண்கள். அதில் நாங்கள் ஆறு பேர் நகரியிலிருந்து காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புகிறவர்கள். புடவை யூனிட்டுகளில் மிஞ்சும் துண்டுகளை வாங்கி, கட்டம் கட்டமாக வெட்டி, ஒட்டித் தைத்துப் போர்வையாக்கி வெளியூருக்கு அனுப்புகிறார்கள். நான் அங்கே செக்கர். தைத்த கட்டங்கள் என் மேஜைக்கு வரும். ஸ்கேல் வைத்து அளந்து, திருப்பிப் பார்த்து, நல்லதை இடதுபக்கம் வைப்பேன், கெட்டதைத் தைத்தவளிடமே திருப்பிக் கொடுப்பேன். அந்த மேஜைக்கு வர எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. அதை விட்டு எழுந்திருக்கவே எனக்கு மனசு வராது, சாப்பாட்டையும் அங்கேயேதான் சாப்பிடுவேன்.

என் கணவருக்கு ஒரே அண்ணன். அவர் மனைவிதான் என் ஓரகத்தி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு இரண்டு குடும்பமும் இருக்கிறோம். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும், அவ்வளவு கெட்டியான சுவர். மூன்று தெருவுக்கு அவள்தான் ஜாக்கெட் தைக்கிறவள். அவள் தைத்ததைப் போட்டால் உடம்பே திருந்திவிட்ட மாதிரி இருக்கும் என்பார்கள். உண்மைதான், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கைக்கு இருந்த திமிர் அவள் நாக்குக்கும் இருந்தது. என்னை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சின்னவளே என்பாள், வேலைக்காரியைக் கூப்பிடுகிற தொனியில்.

என் மகள் வயதுக்கு வந்த சடங்குக்கு நானே ஜாக்கெட் தைத்தேன். அப்போதே நான் பட்டறையில் தையலுக்குச் சம்பளம் வாங்குகிறவள். சடங்கு அன்று காலை, என் பிறந்த வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, ஓரகத்தி அந்த ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். முந்தின நாள் எடுத்துப்போய் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்திருந்தாள். "சபையில பிரிஞ்சிதுன்னா கொழந்தைக்குத்தான அசிங்கம். அதான் நானே பிரிச்சி தெச்சிட்டேன்," என்று என் அம்மாவின் மடியில் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது பரவாயில்லை. என் அம்மாவும் சிரித்தாள். ஐந்து வருடம் ஆகிறது, அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

பிறகு ஓரகத்திக்குக் காலம் மாறியது. அவள் கணவருக்கு, பெரிய மாமா என்று கூப்பிடுவேன், முப்பது வருடம் விசைத்தறிப் பஞ்சை இழுத்து இழுத்து நெஞ்சு கெட்டுப்போனது. பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டிலிருந்த தறி இரண்டும் பழைய இரும்புக்குப் போயின. திருப்பதியிலிருந்து வரும்போது நகரிக்கு முன்னால் வருகிற புத்தூரில் ஜாக்கெட்டுக்கு எம்ப்ராய்டரி போட்டுத் தருகிற கடைகள் வந்த பிறகு ஓரகத்தியிடம் வருகிறவர்களும் குறைந்தார்கள். பட்டறையில் சேர்த்துவிடச் சொல்லி என் கணவர் மூலமாகக் கேட்டு அனுப்பினாள். நேராகக் கேட்கவில்லை.

பட்டறை வழக்கப்படி முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள். முதலாளியம்மாவுக்குத் திருப்தியானால் நிரந்தரம், அதோடு இ.எஸ்.ஐ. அட்டை. அட்டையில் கணவரையும் சேர்க்கலாம். திருப்பதியிலேயே வைத்தியம், மருந்து, மூச்சுக்கு வைக்கிற மெஷின் எல்லாம் கிடைக்கும். அவளுக்கு வேண்டியது அந்த அட்டைதான். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, அட்டை எப்போது வரும் என்றுதான் மூன்று முறை கேட்டு அனுப்பினாள்.

நான்தான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் தைத்ததை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான்.

முதல் நாள் விதியை நான் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது என் வேலை. ஆனாலும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் நாற்பது கட்டம் தைத்துவிட்டாள். கை அவ்வளவு வேகம். எல்லா முனையிலும் ரிவர்ஸ். கட்டங்களை மேஜையில் வைத்துவிட்டு, பாராட்டுக்குக் காத்திருக்கிற முகத்தோடு நின்றாள். நான் ஒரே ஒரு கட்டத்தைத் தடவிப் பார்த்தேன். எல்லாக் கட்டங்களையும் அவள் பக்கம் தள்ளி, மேலே ஒரு பிளேடை வைத்தேன்.

"எல்லாத்தையும் பிரிங்கம்மா," என்றேன். அக்கா என்று சொல்லவில்லை.

என்ன தப்பு என்று கேட்டாள். பிரித்துப் பார்த்தால் தெரியும் என்றேன். ரிவர்ஸ் போட்ட முனையைப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு குத்தின் மேல் மூன்று நூல் ஏறியிருக்கும். பிளேடு நூலைத் தேடும்போது துணியைத் தின்றுவிடும். மாலைவரை குனிந்த தலை நிமிராமல் பிரித்தாள். ஆறு கட்டம் கிழிந்தது. கிழிந்ததைக் கொண்டுபோய் முதலாளியம்மாவிடம் காட்டியதும் நான்தான்.

மறுநாள் விதியைச் சொன்னேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. "இது ஜாக்கெட்டு இல்லம்மா. இங்க ரிவர்ஸ் போடக்கூடாது." தலையை ஆட்டினாள். ஆனால் இருபத்தைந்து வருடப் பழக்கம் தலையாட்டினால் போய்விடுமா? பத்துக்கு இரண்டு முனையில் கை தானாகப் போய் லிவரை அழுத்திவிடும். மூன்றாம் நாள் நான் எழுந்து போய், ஒரு துணி நாடாவை எடுத்து அவள் மெஷினின் லிவரை இறுக்கிக் கட்டினேன். பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் நன்றாக இருந்தது. அவள் நாடாவின் முடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு தைக்கத் தொடங்கினாள்.

வீட்டில் இதைப் பற்றி அவள் பேசவில்லை. எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி என் மகளிடம் கொடுத்து அனுப்பினாள். அது எனக்கு ஆத்திரமாக வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். ஒருநாள் வாசலில் உட்கார்ந்திருந்த பெரிய மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே, அக்கா வேலை எப்படி என்று என்னைக் கேட்டார். பரவாயில்லை மாமா, பழகிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். உன்னை நம்பித்தான் அனுப்பியிருக்கிறேன் என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

இரண்டாவது மாதத்தில் அவள் கை மாறிவிட்டது. நாடா தளர்ந்து தொங்கியது, அவிழ்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. லிவர் இருப்பதையே கை மறந்துவிட்டது. அவள் தைத்த கட்டங்களில் மூலைக்கு மூலை ஊசி முனையாகப் பொருந்தியது. ஸ்கேலை வைத்தால் நூல் அளவுகூட விலகாது. குற்றம் தேடித் தேடி எனக்குக் கண் வலித்ததுதான் மிச்சம். முதலாளியம்மா அவளுடைய கட்டங்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த அம்மாவை சாம்பிள் மேஜைக்கு மாற்றலாமே என்று என்னிடமே சொன்னார். சாம்பிள் மேஜை என்றால் செக்கருக்கும் மேலே.

மூன்றாவது மாதத்தில் சந்திரகிரிப் பக்கம் புதிதாக ஓட்டல் கட்டிய ஒருவர் அறைகளுக்கெல்லாம் போர்வை கேட்டு வந்தார். முதலில் ஒன்று செய்து காட்டச் சொன்னார். முதலாளியம்மா அதை ஓரகத்தியிடம் கொடுத்தார். கட்டங்களைச் சேர்த்து முழு மேல்துணியையும் அவள் ஒருத்தியே முடிக்க வேண்டும். இது நல்லபடியாக வந்தால் அடுத்த வாரமே நிரந்தரம் என்று தெலுங்கில் சொன்னார். அன்று ரயிலில் அவள் அட்டைக்கு வேண்டிய போட்டோ, ஆதார் நகல் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது அந்த ஓர் இடம். போர்வையின் உள்ளே எல்லாத் தையலுக்கும் குறுக்கே இன்னொரு தையல் வந்து பிடித்துக்கொள்கிறது. வெளி ஓரத்தில் அப்படி எதுவும் வராது. அங்கே வந்து முடிகிற முனைகள் எல்லாம் திறந்தே கிடக்கும், கடைசியில் சுற்றிலும் கரைத்துணி வைத்துத் தைப்பதற்குள் இழுபட்டுப் பிரிந்துவிடும். ஆகவே ஓரத்தில் மட்டும் ரிவர்ஸ் போட வேண்டும். பட்டறையில் எல்லோருக்கும் இது தெரியும், ஏனென்றால் முதல்முறை முழுத் துணி தைக்கிறவர்களுக்கு நான் சொல்லிவிடுவேன். ஓரகத்தி அதுவரை கட்டங்கள் மட்டுமே தைத்திருந்தாள்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். "நீ சொன்ன மாதிரி எங்கியும் போடல. ஆனா இந்த ஓரத்துல மேல தையல் எதுவும் வராதே. இங்க மட்டும் ரிவர்ஸ் போட்டுடட்டுமா?"

யாரும் சொல்லாமல் தானாகக் கண்டுபிடித்திருந்தாள். எனக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆயிற்று, அதுவும் இரண்டு போர்வை வீணான பிறகு. இவளுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"வேணாம்," என்றேன். "எங்கியும் வேணாம்னா எங்கியும் வேணாம்தான்."

அவள் போகவில்லை. ஓரத்தில் ஒரு முனையை இரண்டு விரலால் லேசாக இழுத்துக் காட்டினாள். தையல் வாய் திறந்தது. கரைத்துணி வைத்துத் தைக்கும்போது மூடிக்கொள்ளும், சொன்னதை மட்டும் செய்யுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு செக்கர் நான்தான் என்று நினைவுக்கு வந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பக்கத்து மெஷின்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள், நூலைக் கோர்க்கக் குனிந்துகொண்டாள்.

நான் நினைத்தது வேறு. முடித்த துணி எப்படியும் என் மேஜைக்குத்தான் வர வேண்டும். வந்ததும் எல்லோர் முன்னாலும் ஓரத்தை இழுத்துக் காட்டி, பிரித்துத் தைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். இன்னும் ஒரே ஒருநாள் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அவ்வளவுதான் என் திட்டம். ஆனால் அன்று மத்தியானமே ஓட்டல்காரர் சொல்லாமல் வந்துவிட்டார். பஞ்சு வைத்துத் தைப்பதற்கு முன்பே மேல்துணியைப் பார்க்க வேண்டும் என்றார். முதலாளியம்மா சந்தோஷத்தில் மெஷினிலிருந்து நேராக எடுத்துக்கொண்டு போனார். என் மேஜையைத் தாண்டித்தான் போனார். மேடம், நான் இன்னும் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வாயையும் திறந்தேன். போகட்டும் என்று மூடிக்கொண்டேன்.

ஓட்டல்காரருக்கு நிறம் பிடித்திருந்தது. படுக்கை விரிப்பை உதறுகிற மாதிரி இரண்டு மூலையைப் பிடித்து ஓங்கி உதறினார். ஓரத்தில் நான்கு இடத்தில் தையல் விட்டது. ஒன்று ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே போனது. அந்தப் பிளவுக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். எங்கள் ஓட்டலில் துணி வெளுக்கிற மெஷினில் ஒருமுறை போட்டால் இது மறுபடி துண்டு துண்டாகத்தான் வெளியே வரும் என்று சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

முதலாளியம்மா ஓரகத்தியை நடுக் கூடத்தில் நிற்கவைத்தார். இத்தனை வருடம் தைத்தவளுக்கு ஓரத்தைக் கட்டத் தெரியாதா என்று கேட்டார்.

"நான் கேட்டேன். செக்கரம்மாதான் வேணாம்னாங்க," என்றாள் அவள்.

முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "நுவ்வு செப்பினாவா?"

நீ சொன்னாயா என்ற அந்த ஒரே கேள்வி. எல்லா மெஷினும் நின்றிருந்தன. "லேது மேடம்," என்றேன். இல்லை. ஓரத்தில் போட வேண்டும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும் என்று கூடவே சொன்னேன், தெலுங்கிலேயே. பக்கத்து மெஷின்காரி வாயைத் திறக்கவில்லை. அவளையும் குற்றம் சொல்ல மாட்டேன், அவள் தைத்ததும் என் மேஜைக்குத்தானே வர வேண்டும். தப்பு செய்ததோடு அடுத்தவள் மேல் பழியும் போடுகிற ஆள் தனக்கு வேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். ஓரகத்தி தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ரயில் நேரம் வரும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள்.

பெரிய மாமாவை அதன் பிறகு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மூச்சு முட்டும்போதெல்லாம் ஆட்டோ, வரிசை, சீட்டு, பெஞ்சு. மாத்திரை கிடைத்தது, வீட்டில் வைக்கிற மெஷின் கிடைக்கவில்லை. அந்த வருடம் ஆடி முடிவதற்குள் போய்விட்டார். அட்டை இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசி மூன்று மாதம் அவர் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அந்த மெஷின் இருந்திருந்தால் படுத்தாவது போயிருப்பார். வேலை ஏன் போயிற்று என்று ஓரகத்தி யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட. ஜாக்கெட் தைக்கிற கைக்கு அதெல்லாம் வராதுதான் என்று என் அம்மா சொன்னாள், அப்போதும் சிரித்தாள். நான் மறுத்துப் பேசவில்லை.

வேலை போன அன்று மாலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நகரிப் பெண்கள் எல்லோரும் பெட்டியின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஓரகத்தி வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். ரேணிகுண்டா தாண்டியதும் என் பக்கம் குனிந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "நான் வந்து கேட்டப்போ, ஓரத்துல போடணும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

கோபம் இல்லை அந்த முகத்தில். தெரியாது என்று நான் சொல்ல வேண்டும் என்று அவள் விரும்பினாள், அது அப்பட்டமாகத் தெரிந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேன், பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அழுதிருப்பாள், திட்டியிருப்பாள், பிறகு மன்னித்திருப்பாள். ஒருவேளை மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து போய் முதலாளியம்மாவிடம் பேசியிருக்கலாம், பெரிய மாமாவுக்கு அட்டைகூட வந்திருக்கலாம். ஆனால் அதற்காகக் காலம் முழுக்க அவளுக்கு நான் ஓரம் கட்டத் தெரியாதவளாக இருக்க வேண்டும். பாவம் சின்னவளுக்குத் தெரியவில்லை என்று அவள் இரக்கப்பட வேண்டும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

"தெரியும்," என்றேன்.

மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"அப்போ நீ வேல தெரிஞ்சவதான்," என்றாள்.

கிண்டலாகச் சொல்லவில்லை. வேலை தெரிந்த ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து, அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். பதினெட்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. சொன்னால் காறித் துப்புவீர்கள், ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புத்தூர் வரும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.